புறா கொணர்ந்த கணிதமும் ஒன்பது குறுமன்னர் பந்தியும்

கடல் தன் எல்லையில் நிற்க, உப்பளம் வெண்மை குன்றாதிருக்க ஆட்சி செலுத்தும் பவளக்கரை நாட்டுப் பேரரசி வானவல்லியார் திருவாணைப்படி, குறுமன்னரைச் சமாதானப்படுத்தும் சந்தி விருந்துக்கு இருக்கை வகுக்கும் பொறுப்பேற்ற தோணித்துறைச் சடையன் மகள் உமையாள், புன்னைவனக் கல்விக் கழகத்துப் பெருந்தலைவரும், சகல கலைகளின் காவலர் என்று தம்மைத் தாமே அழைத்துக்கொள்பவருமான வேள்நம்பியார் சமூகத்துக்கு வரையும் ஓலை. கழகம் வாழ்க, அதன் கூரை ஒழுகாதிருக்க, தலைவரின் மூட்டுவலி தணிக.

நலம் விசாரித்தாயிற்று. விஷயத்துக்கு வருகிறேன்.

எங்கள் துறையிலிருந்து கழகத்தின் படி மிதித்த முதல் ஆள் நான். பட்டத்துக்குரிய பாடங்களில் ஒன்று தவிர எல்லாம் முடித்தேன். எஞ்சியது தனிநிலைக் கணிதம். அதாவது பாதி ஆள், முக்கால் முடிச்சு என்று பிளக்க முடியாதவற்றை எண்ணும் கணிதம். அதைக் கற்பிக்கக் கழகத்தில் ஆசிரியர் இல்லை. ஆகவே வெண்குன்ற நாட்டு ஆசிரியை நன்னிலையார் புறாவழி நடத்தும் வகுப்பில், தங்கள் வாய்மொழி அனுமதி பெற்றே சேர்ந்தேன். பாடம் புறாவில் வந்தது, விடை புறாவில் போனது, தேர்ச்சி ஓலையும் அவ்வாறே வந்தது.

அதைக் கொடுத்தபோது பட்டப்பதிவு அதிகாரி மருதையனார் முதலில் என் பாயைக் கேட்டார். மாணவர் அமர்ந்த கோரைப்பாய் எவ்வளவு தேய்ந்ததோ அவ்வளவே படிப்பு என்பது கழகத்தின் வழக்கம் என்று அறிவேன். வசதியான வீட்டுப் பிள்ளைகள் பாயைச் செங்கல்லில் உரசிக்கொண்டு வருவதையும் அறிவேன். சென்ற ஆண்டு ஆடு தின்ற பாய் ஒன்றுக்கு முதல் வகுப்பு கொடுத்ததை நாடே அறியும். நான் படித்ததோ ஓடத்துப் பலகையில், துடுப்புப் போடும் அப்பாவுக்கு எதிரே அமர்ந்து. பலகை தேய்ந்திருக்கிறது, வந்து பாருங்கள் என்றேன். பலகைக்கு விதியில் இடமில்லை என்றார்.

பிறகு வெண்குன்றத்தில் மூன்றாம் இயலை நான்காவதாக நடத்துகிறார்கள் என்று குறை சொன்னார். சாட்சிக்குப் புறா நேரில் வர வேண்டும் என்றார். கொண்டுபோனேன். அது அவர் மேசையிலிருந்த பொரியைத் தின்றுவிட்டு உத்தரத்தில் ஏறிக்கொண்டது. "ஏம்மா, இப்ப பட்டம் உனக்கா, புறாவுக்கா?" என்று அவர் கேட்க, சுற்றியிருந்தோர் சிரித்தனர். முடிவில், கற்பிக்க ஆளில்லாத வகுப்பில் ஓராண்டு அமர்ந்து பாய் தேய்க்கும்படி தீர்ப்பாயிற்று.

வீட்டில் அப்பா கேட்டது ஒன்றே: "நீ படிச்சது நெசந்தானே தாயி, பெறகு ஏன் இல்லேங்கிறாக?" இதற்கு விடை தங்களிடம் இருந்தால் துறைக்கு வந்து அவரிடமே சொல்லலாம்.

அதுவரை பொறுத்தேன். நேற்று அரசவையில் நடந்ததைப் பொறுப்பதற்கில்லை. ஒன்பது குறுமன்னர், அவர்களுள் மாடு பிடித்த பகை, பெண் கொடுக்காத பகை, பேரன் பெயர்சூட்டுக்கு அழைக்காத பகை. வட்டப் பந்தியில் பகைவர் அடுத்தடுத்து வராதபடி அமர்த்துமாறு அரசியார் என்னைப் பணித்திருந்தார். ஆளுக்கொரு புள்ளி வைத்து, சேர்ந்து உண்ணக்கூடியவர்களைக் கோட்டால் இணைத்து, எல்லாப் புள்ளியையும் ஒருமுறை மட்டும் தொட்டுத் தொடங்கிய இடத்துக்கே திரும்பும் வழியைக் கண்டேன். இது எந்தப் பாடம் என்று தங்களுக்குத் தெரியாததல்ல. ஏனெனில் நேற்று அதை அவையில் நான் விளக்கியதும் தாங்களே எழுந்து, இது எம் கழகம் ஊட்டிய கணிதம் என்று மொழிந்து, பொன்னாடையும் போர்த்திக்கொண்டீர்கள்.

அந்தப் படிப்பு இல்லையென்றால் அதில் பிறந்த திட்டமும் இல்லை. இதை அரசியாரிடம் விண்ணப்பித்தேன். நெடுநேரம் சிரித்தார், பின் தம் முத்திரையை என் கையில் கொடுத்தார். திட்டத்தைத் திரும்பப் பெற்றுக்கொண்டேன்.

ஆதலின் ஆணையாவது: இவ்வோலை கண்ட கணமே தாங்கள் விருந்து மண்டபம் வந்து, யாரை எங்கே அமர்த்துவது என்று கழகம் ஒப்புக்கொண்ட அறிவைக் கொண்டு கூற வேண்டும். இயலாதெனில், அப்பாடத்தை ஏற்று என் பட்டத்தில் கையொப்பமிட வேண்டும். எது எளிதோ அதைச் செய்க. மருதையனாரைக் கலந்து பேச அவகாசம் இல்லை, இலை போட்டாயிற்று.

அரசியார் முத்திரை பதித்து, உமையாள் கைப்பட எழுதியது.

பிற்சேர்க்கை: சுருளைக் கட்டும்போது பார்த்தேன். மாடு பிடித்தவரும் மாட்டைப் பறிகொடுத்தவரும் ஒரே தூணின் இருபுறமும், ஒருவரையொருவர் அறியாமல் சாய்ந்து நிற்கிறார்கள். ஒருவருக்குத் தும்மல் வரும்போல் இருக்கிறது. ஓடி வருக.