ஐந்து ஸ்பீக்கர், ஒரு நாற்காலி

ஜனவரி 8

அன்புள்ள மீட்டரம்மாவுக்கு,

நலம். நீயும் நலமாக இருப்பாய் என்று நினைக்கிறேன். அந்த ஊர்த் தண்ணீர் உன் தலைமுடிக்கு ஒத்துக்கொண்டதா? போனில் பேசினால் மூன்றாவது நிமிடம் சண்டை வருகிறது, ஆறு மாதம் கடிதம் மட்டும் எழுதிப் பார்ப்போம் என்று சொல்லிவிட்டுக் கிளம்பினாய். நாலு மாதம் ஓடிவிட்டது. இதுவரை நான் எழுதியதெல்லாம் கேஸ் தீர்ந்தது, குழாய் ஒழுகியது என்ற ரகம்தான். இன்று உருப்படியாக ஒன்று கேட்கிறேன்.

சின்ன அறையை ஹோம் தியேட்டராக மாற்றப்போகிறேன். டிவியும் ஸ்பீக்கரும் பார்த்து வைத்தாயிற்று. எல்லாவற்றையும் ஆட்டிவைக்கும் ரிசீவர்தான் பிடிபடவில்லை. முதல் கடைக்காரர் ஐந்து ஸ்பீக்கருக்கானது போதும் என்கிறார். அடுத்த கடைக்காரர் ஏழு இல்லாவிட்டால் அது தியேட்டரே இல்லை என்கிறார். மூன்றாமவர் கூரையிலும் இரண்டு மாட்டச் சொல்கிறார். பெட்டியின்மேல் வாட்ஸ் என்று ஒரு எண், ஓம் என்று ஒரு எண். எனக்குத் தலையும் புரியவில்லை, காலும் புரியவில்லை. அரங்கத்தில் அத்தனை ஸ்பீக்கர்களைக் கட்டி மேய்க்கிற ஆள் வீட்டிலேயே இருக்கும்போது நான் ஏன் கண்டவரிடம் கேட்கவேண்டும்? (வீட்டில் இல்லைதான். சரி.)

அக்கா வாரம் தவறாமல் போன் செய்து, "அவ எப்பதான்டா வருவா?" என்கிறாள். "டூட்டி முடியட்டும்க்கா" என்று சமாளிக்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமைக்குள் பதில் போடு, அன்றோடு கடையில் சலுகை முடிகிறது. கடிதம் உன் கைக்கு வரவே ஐந்தாறு நாள் ஆகும் என்பது எழுதிய பிறகுதான் உறைக்கிறது. அடித்து எழுதப் பொறுமை இல்லை, இருக்கட்டும்.

இப்படிக்கு,
உன் அவசரம்


ஜனவரி 17

அன்புள்ள அவசரத்துக்கு,

தண்ணீர் ஒத்துக்கொள்ளவில்லை. முடி கொத்துக் கொத்தாகக் கொட்டுகிறது. கேட்டதற்கு நன்றி.

ரிசீவர் என்பது வீட்டுக்கு மூத்த மருமகள் மாதிரி. டிவி, ஸ்பீக்கர், பாட்டு, படம் எல்லாரும் அதன் தலையில்தான் வேலையை ஏற்றுவார்கள். சூடாகும். மேலே ஒரு சாண் இடம் விடாமல் அலமாரிக்குள் திணித்தால் கொதித்துப்போய்த் தானே அணைந்துகொள்ளும். யாரும் ஏன் என்று கேட்கமாட்டார்கள்.

பெட்டியில் கொட்டை எழுத்தில் போட்டிருக்கும் வாட்ஸை நம்பாதீர்கள். பெரும்பாலும் ஒன்றிரண்டு ஸ்பீக்கரை மட்டும் ஓட்டிப் பார்த்து எழுதியது அது. ஐந்தும் சேர்ந்து கத்தும்போது அதில் பாதி கிடைத்தாலே பெரிது. ஓம் என்பது ஸ்பீக்கர் கொடுக்கும் தடை. உங்கள் ஸ்பீக்கர் ஆறு ஓம் என்றால் ஆறைத் தாங்கும் ரிசீவர்தான் வேண்டும். மற்றபடி ஐந்தா ஏழா என்பதைக் கடைக்காரர் சொல்ல முடியாது, அறைதான் சொல்லவேண்டும். அளந்து, படம் வரைந்து அனுப்புங்கள். டேப் என் மேஜையில் இடது பக்க இழுப்பறையில் இருக்கிறது.

ஒன்று கேட்கலாமா? ஓடுகிற மெஷின் வந்தது, அதில் இப்போது துணி காய்கிறது. மீன்தொட்டி வந்தது, நாலே மாதத்தில் மீன்கள் ஒவ்வொன்றாக விடைபெற்றன. காபிக்கொட்டை அரைக்கும் மெஷினின் பெட்டியைக்கூட நீங்கள் இன்னும் பிரிக்கவில்லை. இப்போது இது. இருக்கிற இடத்தில் ஒரு அரைமணி நேரம் சும்மா உட்கார உங்களால் முடியாதா? அப்புறம், ஏன் சின்ன அறை? ஹால் என்ன ஆயிற்று?

இங்கே என் வேலையை நீட்டித்து, இரண்டு வருடத்துக்குக் கையெழுத்துக் கேட்கிறார்கள். போட்டால் இங்கேதான். பிப்ரவரி 28க்குள் சொல்லவேண்டும். நான் இன்னும் வாயே திறக்கவில்லை.

இப்படிக்கு,
மீட்டர்


ஜனவரி 24

அன்புள்ள மீட்டரம்மாவுக்கு,

படம் இணைத்திருக்கிறேன். நீளம் பதினொன்றேகால் அடி, அகலம் ஒன்பதரை. முன்சுவரில் டிவி, அதன் கீழே நடு ஸ்பீக்கர், இரு பக்கமும் இரண்டு, சாய்வு நாற்காலிக்கு வலமும் இடமும் இரண்டு, மூலையில் அடித்தொண்டையில் உறுமும் அந்தப் பெரிய பெட்டி. நாற்காலி பின்சுவரை ஒட்டி. எல்லாம் உன் டேப்பால் இரண்டு தடவை அளந்தது, நீ குறை சொல்ல முடியாது.

திங்கட்கிழமை ஐந்து என்று முடிவு செய்தேன். புதன்கிழமை ஏழு. வியாழன் அன்று கூரையையும் சேர்த்து ஒன்பது. ஆபீசில் ஒருவருடைய விபத்து இழப்பீட்டுப் படிவத்தில், எத்தனை பேர் வண்டியில் இருந்தார்கள் என்ற இடத்தில், ஏழு ஸ்பீக்கருக்கும் ஒரு உறுமல் பெட்டிக்கும் கடைக்காரர்கள் சொல்கிற 7.1 என்பதை எழுதிவிட்டேன். மேனேஜர் கூப்பிட்டு, "அந்தப் புள்ளி ஒண்ணு யாருங்க?" என்றார். சிரிக்காதே.

வேலை ஆரம்பித்தாயிற்று. ஜன்னலைப் பலகை வைத்து அடைத்துவிட்டேன். சுவரில் வெளிச்சம் பட்டுத் திரும்பக்கூடாதாம், அதனால் மஞ்சளின் மேல் கறுப்பு அடித்துவிட்டேன். உன் மேஜை பால்கனியில் பத்திரமாக இருக்கிறது, தார்ப்பாய் போட்டு மூடியிருக்கிறேன்.

கையெழுத்து விஷயம் உன் இஷ்டம். நான் குறுக்கே நிற்கமாட்டேன். ரிசீவர் எது என்று மட்டும் சொல், கை பரபரக்கிறது.

இப்படிக்கு,
உன் அவசரம்


பிப்ரவரி 3

அன்புள்ள அவசரத்துக்கு,

முதலில் உங்கள் கேள்வி. நாற்காலி பின்சுவரோடு ஒட்டியிருக்கிறது, அதற்குப் பின்னால் ஸ்பீக்கர் வைக்க ஒரு விரற்கடைகூட இல்லை. ஏழு வேண்டாம். ஐந்துக்கானதை வாங்குங்கள். அறையை மைக் வைத்துத் தானே அளந்து சரிசெய்துகொள்ளும் வசதி அதில் இருக்கவேண்டும். முடிந்தது.

இனி என் கேள்வி. படத்தை அரங்கத்தில் மதியச் சாப்பாட்டு நேரத்தில் பிரித்துப் பார்த்தேன். உதவிக்கு இருக்கும் பெண் எட்டிப் பார்த்து, "யாருக்குக்கா இது, தனியா இருக்கறவங்களுக்கா?" என்றாள். அப்போதுதான் எண்ணினேன். ஐந்து ஸ்பீக்கர், ஒரு நாற்காலி. இரண்டு தடவை அளந்தீர்களே, ஒரு தடவைகூட இன்னொரு நாற்காலி கணக்கில் வரவில்லையா?

அதை விடுங்கள். அந்தச் சுவருக்கு மஞ்சள் அடித்தது நாம் இரண்டு பேரும். எனக்கு ஆறு மாதம், ஏணியில் ஏறக்கூடாது என்று கீழ்ப்பாதியை எனக்கும் மேல்பாதியை உங்களுக்கும் பிரித்துக்கொண்டோம். ஏழாம் மாதம் அவள் மூச்சில்லாமல் பிறந்தாள். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த மறுநாள் காலை ஓடுகிற மெஷினை இரண்டு ஆட்கள் தூக்கிக்கொண்டு வந்தார்கள். ஒன்றரை வருடமாக அவளைப் பற்றி நீங்கள் ஒரு வார்த்தை பேசவில்லை. நான் ஆரம்பித்தாலே ஒன்று டிவி ஓடும், இல்லை பால் வாங்கக் கிளம்புவீர்கள். அவள் பிறந்த அன்றைக்கே மருந்து வாங்கி வருகிறேன் என்று போனவர் இரண்டு மணிநேரம் கழித்துத்தானே வந்தீர்கள்?

எனக்குக் கோபமாக இருக்கிறது. என்னைக் கேட்காமல் அந்தச் சுவரில் கறுப்பு அடித்தீர்கள். அதை எழுதவும் செய்தீர்கள், ஸ்பீக்கருக்கு நடுவில், ஒரு வரியில்.

மீட்டர்


பிப்ரவரி 9

மீட்டர்,

வாங்கிவிட்டேன். ஐந்துதான்.

உனக்கு எல்லாவற்றையும் அளக்கவேண்டும். நான் எத்தனை நாள் பேசவில்லை, எத்தனை மணிநேரம் காணாமல் போனேன், எத்தனை நாற்காலி போட்டேன். வீட்டில் இருப்பது ஒரு ஆள்தானே? நீ கிளம்பிப் போய்விட்டாய். மூடின அந்தக் கதவைத் தாண்டித்தான் நான் தினமும் குளிக்கப் போகிறேன், சாப்பிடப் போகிறேன், வேலைக்குப் போகிறேன். அந்த அறையை வேறு ஏதாவதாக ஆக்காவிட்டால் எனக்குப் பைத்தியம் பிடித்துவிடும்.

டிவியிலிருந்து சத்தம் ரிசீவருக்குத் திரும்பி வர எந்த ஓட்டையில் கேபிளைச் செருகவேண்டும் என்று எழுது. இல்லாவிட்டால் வேண்டாம், நானே பார்த்துக்கொள்கிறேன்.

அவசரம்


பிப்ரவரி 24

அன்புள்ள மீட்டரம்மாவுக்கு,

உன்னிடமிருந்து பதில் இல்லை. என் கடிதம் பதில் போடுகிற மாதிரியும் இல்லை. கேபிளை நானே செருகிவிட்டேன்.

சனிக்கிழமை அறையை அளக்க உட்கார்ந்தேன். மைக்கை நாற்காலியில் தலை இருக்கும் உயரத்துக்கு நிறுத்தி, பொத்தானை அமுக்கி, வெளியே வந்து நின்றேன். ஒவ்வொரு ஸ்பீக்கராக விசில் மாதிரி ஒரு சத்தம் எழுப்பியது. உடனே டிவியில் எழுத்து வந்தது: "இரைச்சல் அதிகம். மீண்டும் முயலவும்." மின்விசிறியை நிறுத்தினேன். மறுபடி அதே எழுத்து. பிரிட்ஜை நிறுத்தினேன், கைபேசியை அணைத்தேன், பால்கனிக் கதவைச் சாத்தினேன். அப்போதும் அதே. நாலாவது தடவைதான் புரிந்தது, இரைச்சல் நான்தான். செருப்பைத் தேய்த்துக்கொண்டு ஹாலில் நடந்துகொண்டே இருந்திருக்கிறேன், வாயில் ஏதோ முணுமுணுப்பு வேறு. ஒன்றரை வருடமாக இப்படித்தான் நடக்கிறேன் போலிருக்கிறது.

செருப்பைக் கழற்றிவிட்டு அந்த அறை வாசலில் தரையில் உட்கார்ந்தேன். அசையவில்லை. ஐந்தும் முடிந்து, அடுத்த இருக்கைக்கு மைக்கை மாற்றச் சொன்னது. அடுத்த இருக்கை இல்லை. சாப்பாட்டு மேஜையிலிருந்து ஒரு நாற்காலியைத் தூக்கி வந்து பக்கத்தில் போட்டேன். மறுபடி வாசலில் உட்கார்ந்தேன். வீடு அவ்வளவு அமைதியாக இருந்து நான் கேட்டதே இல்லை. பொறுக்க முடியவில்லை, ஆனாலும் எழுந்திருக்கவில்லை.

அங்கே உட்கார்ந்திருந்தபோது உனக்கு எழுதவேண்டும் என்று தோன்றியதை எழுதுகிறேன். அன்று நான் மருந்து வாங்கப் போகவில்லை. நர்ஸ் வெளியே வந்து, "குழந்தையைப் பாக்கறீங்களா சார்?" என்று கேட்டார். நான் "வேண்டாம்" என்றேன். உன்னிடம் மருந்து என்று சொல்லிவிட்டுக் கீழே இறங்கினேன். எதிரே ஒரு டிவி கடை. சுவர் முழுக்க டிவி, எல்லாவற்றிலும் ஒரே படம். அங்கே நின்றேன். கடைக்காரரிடம் ஒவ்வொன்றாக என்ன வசதி, என்ன அளவு என்று கேட்டேன். அவர் பேசிக்கொண்டே இருந்ததால் எனக்கு மூச்சு விட முடிந்தது. இரண்டு மணிநேரம் கேட்டேன். அதே நேரத்தில் நீ மேலே அவளைத் தனியாகக் கையில் வைத்திருந்தாய்.

நாள் முழுக்க அடுத்தவர்களிடம் விபத்து எங்கே, எப்போது, எப்படி என்று எழுதி வாங்குகிறவன் நான். என் வீட்டில் நடந்ததை எழுத ஒன்றரை வருடம் ஆகியிருக்கிறது. நான் கோழை. உன்னைப் பார்க்கவே வெட்கமாக இருந்தது, அதனால்தான் நீ வாயைத் திறக்கும்போதெல்லாம் ஓடினேன்.

ரிசீவரைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். சுவர் கறுப்பாகத்தான் இருக்கிறது. நீ சொல்லாமல் அதைத் தொடமாட்டேன். கையெழுத்துப் போடாதே என்று கேட்க எனக்கு உரிமை இல்லை. ஆனாலும் கேட்கிறேன். போடாதே. வந்துவிடு.

உன்


மார்ச் 4

அன்புள்ள உங்களுக்கு,

கையெழுத்துப் போட்டுவிட்டேன். பிப்ரவரி 28, மதியம். உங்கள் கடிதம் வந்தது மார்ச் 3. பெயரைக்கூட எழுதாமல் முடித்திருந்தீர்கள்.

கடைசித் தேதி உங்களுக்குத் தெரியும். தபால் வந்து சேர எத்தனை நாள் ஆகும் என்பதும் தெரியும். போனில் பேசக்கூடாது என்று நான் சொன்னதை அப்படியே பிடித்துக்கொண்டு, வாழ்நாளில் அவசரப்பட்டிருக்கவேண்டிய ஒரே ஒரு நாளில் தபால்பெட்டியைத் தேடிப் போயிருக்கிறீர்கள். படித்துவிட்டுச் சிரித்தேன். பிறகு மேடைக்குப் பின்னால் கேபிள்கள் சுருட்டி வைக்கிற அறையில் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். உதவிக்கு இருக்கும் பெண் இரண்டு தடவை கதவைத் தட்டிவிட்டுப் போய்விட்டாள்.

நீங்கள் மருந்து வாங்கப் போகவில்லை என்று எனக்கு அன்றைக்கே தெரியும். மருந்துச்சீட்டு என் தலையணைக்கு அடியில் இருந்தது. எங்கே போனீர்கள் என்பதுதான் தெரியாது. அதை நான் கேட்கவில்லை, நீங்கள் சொல்லவில்லை. தப்பு உங்களுடையது மட்டும் என்று எழுத எனக்கும் மனசு வரவில்லை. கேட்டிருக்கலாம். கேட்டால் பொய் சொல்வீர்களோ என்று பயந்தேன்.

போட்ட கையெழுத்தை எடுக்கப் போவதில்லை. வேலை எனக்குப் பிடித்திருக்கிறது, இரண்டு வருடம் இங்கேதான். நீங்கள் கேட்ட மாதிரி நான் வந்துவிட மாட்டேன். ஆகவே நீங்கள் வாருங்கள். பதினைந்தாம் தேதி சனிக்கிழமை, எனக்கு இரண்டு நாள் விடுமுறை. பஸ் ஸ்டாண்டிலிருந்து அரங்கத்துக்குப் போகும் வழியில், மாவுமில்லுக்கு மேல் மாடியில் என் அறை. கையில் எதையும் வாங்கிக்கொண்டு வராதீர்கள். இங்கே டிவி கிடையாது.

நீங்கள் அவளைப் பார்க்கவில்லை. நான் பார்த்தேன், இருபது நிமிடம். அவள் எப்படி இருந்தாள் என்று இதுவரை நான் ஒருவரிடமும் சொன்னதில்லை, என் அம்மாவிடம்கூட. உங்களிடம்தான் முதலில் சொல்லவேண்டும் என்று வைத்திருக்கிறேன். நெற்றியிலிருந்து ஆரம்பித்து மெதுவாகத்தான் சொல்வேன். நீங்கள் ஒன்றும் பேசவேண்டாம். நடுவில் எழுந்து போனால் அடுத்த பஸ்ஸில் ஏற்றிவிட்டு வந்துவிடுவேன், நிஜமாகவே. எழுந்திருக்காவிட்டால், பாதம் வரைக்கும் சொல்கிறேன்.

உங்கள்
மீட்டர்