ஜோசப்பு அண்ணனின் சுண்டுவிரல்

என் ஜோசப்பு அண்ணே,

உங்கள் செக் நாட்டுப் பெயர் வாயில் நுழையாமல் நாங்களாக வைத்த பெயர் இது. கல்லறைப் பலகையில் உண்மைப் பெயரை எழுதியிருக்கிறார்கள். பார்த்தால் வேறு யாரையோ புதைத்துவிட்டு வந்ததுபோல் இருக்கிறது.

நீங்கள் போய் நாற்பது நாளாகிறது. துபாயில் வெயில் இன்னும் தணியவில்லை. உங்கள் கிரேனை இப்போது ஒரு மலையாளி ஓட்டுகிறார். நல்ல மனிதர்தான். ஆனாலும் அதன் நிழல் என்மேல் விழும்போதெல்லாம் நிமிர்ந்து உங்களைத் தேடுகிறேன்.

சொந்த நாட்டில் இருபத்திரண்டு படம் நடித்தவர் நீங்கள். ஒன்றைத் தவிர எல்லாவற்றிலும் செத்தீர்கள். சுடப்பட்டு, ஆற்றில் விழுந்து, ஒருமுறை ரொட்டிக் கடை வாசலில் வரிசையில் நின்றபடியே. பிறகு ஊருக்குள் ரஷ்ய டாங்கிகள் வந்தன. வேண்டாதவர்கள் பட்டியலில் உங்கள் பெயரும் சேர்ந்தது. நடிப்பு போய் கிரேன் வந்தது. இதைச் சிரித்துக்கொண்டேதான் சொல்வீர்கள்.

வெள்ளிக்கிழமை மெஸ்ஸில் எங்களுக்காகச் செத்துக் காட்டுவீர்களே! கண் நிலைகுத்தும், மூச்சே தெரியாது. புதிதாக வந்தவர்கள் அலறுவார்கள். அப்போது இடது சுண்டுவிரலை மட்டும் லேசாக அசைப்பீர்கள். உயிர் இருக்கிறது, பயப்படாதே என்று அர்த்தம். நாங்கள் கை தட்டுவோம். "மாஃபி மௌத், பாய்! சாவு இல்லே!" என்று எழுவீர்கள்.

"படத்துலயும் வெரல அசைப்பீங்களாண்ணே?" என்று நம்மோடு வேலை செய்யும் செல்வராஜ் ஒருநாள் கேட்டான்.

"மாஃபி! பொணம் அசைஞ்சா டூட்டி கலாஸ், வேலை போச்சு," என்றீர்கள்.

அன்று சைட்டில், மதியச் சாப்பாட்டு நேரத்தில், கிரேன் ஏணியடியில் விழுந்து கிடந்தீர்கள். செல்வராஜ் ஓடப் பார்த்தான். உங்கள் சுண்டுவிரல் அசைந்தது. அவன் கையைப் பிடித்து இழுத்தவன் நான்தான்.

"டேய், அண்ணன் நடிக்கிறாருடா. வெரலப் பாரு."

முதலில் கை தட்டியதும் நான்தான். எல்லோரும் தட்டினார்கள். நீங்கள் எழவில்லை. சாப்பாட்டுப் பாத்திரத்தைக் கழுவிவிட்டு வந்து தொட்டபோது உடம்பு கொதித்தது, மூச்சு இல்லை. வெயில் என்றார் டாக்டர். உடனே நிழலுக்குக் கொண்டுபோயிருந்தால் என்று ஆரம்பித்தவர், என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

அது சாகிற உடம்பின் நடுக்கமா, நீங்கள் என்னைக் கூப்பிட்டதா? ஒரு மாதத்துக்கு மேல் இந்த ஒரு கேள்வியோடுதான் இருந்தேன்.

போன வெள்ளி உங்கள் டிரங்குப் பெட்டியைத் திறந்தோம். துணிக்கடியில் ஒரு படச்சுருள் டப்பா. "நான் சாகாத ஒரே படம்" என்று சொல்லி, யாருக்கும் காட்டாமல் வைத்திருந்தீர்களே, அதுதான். ஜன்னல்களைப் போர்வையால் மறைத்து, பகலிலேயே மெஸ் புரொஜெக்டரில் ஓட்டினோம். நீங்கள் உயிரோடு நடமாடுவதை ஒருமுறை பார்க்க ஆசை.

பனி கொட்டும் தெரு. இளவயதில் நீங்கள் நடந்து வந்து, சட்டென்று விழுந்தீர்கள். கண் நிலைகுத்தியது. கூட்டம் சுற்றி நின்றது, ஒருவரும் குனியவில்லை. அப்போது இடது சுண்டுவிரல் அசைந்தது.

"அண்ணனுக்கு உசுரு இருக்குடா!" என்று செல்வராஜ் எழுந்தேவிட்டான். அதோடு சுருள் முடிந்து திரை வெளுத்துப்போனது. அடுத்த சுருள் பெட்டியில் இல்லை. யாரும் கை தட்டவில்லை.

எனக்குப் பதில் கிடைத்துவிட்டது. பிணமாக நடித்த எந்தப் படத்திலும் நீங்கள் விரலை அசைத்ததில்லை. சாகாத இந்த ஒன்றில்தான் அசைத்தீர்கள்; அன்றும் என்னைத்தான் கூப்பிட்டிருக்கிறீர்கள்.

டப்பா என் கட்டிலுக்கடியில் இருக்கிறது. சில நேரம் உள்ளிருந்து டொக் டொக்கென்று சத்தம் வருகிறது. சூட்டில் தகரம் விரிகிறது என்கிறான் செல்வராஜ். இருக்கலாம். ஆனாலும் ஒவ்வொரு முறையும் குனிந்து மூடியைத் திறந்து பார்க்கிறேன். இனி ஒரு விரல் அசைந்தாலும் உட்கார்ந்திருக்க மாட்டேன் அண்ணே. முதலில் ஓடிவந்து தொட்டுப் பார்ப்பேன்.

கை தட்டிய உங்கள் தம்பி,
மாணிக்கம்