ஆளில்லாத தோணி

தூத்துக்குடி
12.2.1974

அன்புள்ள தம்பி ரோச்சுக்கு, அக்கா மரியசெல்வி எழுதுவது. சேசு மரி சூசை உன்னைக் காக்கட்டும்.

உன் சினிமாவுக்காக என் மகள் பேபியைப் படம்பிடித்துக்கொண்டு நீ பட்டணம் போனதிலிருந்து அவள் கரிக்கட்டையைத் தொடவில்லை. இந்த ஏழு வயதிலேயே சுவர் சுவராக வரைந்து தள்ளிய பிள்ளை! அவள் தோணி வரைந்தால் அதை நடத்தும் தண்டல் முதல் சமையல்காரர் வரை எல்லாரும் அதில் இருப்பார்கள். நீதான், 'ஆளை எல்லாம் அழித்துவிடு, வெறும் தோணிதான் எடுப்பாக இருக்கும்' என்றாயாம். அப்பன் கொழும்புக்குப் போயிருக்கும் வீட்டில் ஆளில்லாத தோணியை யாராவது வரையச் சொல்வார்களா? நீயும் இந்தக் கடற்கரையில் பிறந்தவன்தானே!

உன் மச்சான் தோணி வரவேண்டிய நாள் தாண்டிவிட்டது. எனக்கு ஒரு வாய் சோறு இறங்கவில்லை. இவளானால், "நான்தாம்மா அப்பாவ அழிச்சிட்டேன்" என்று சொல்லிக்கொண்டு திரிகிறாள். படத்திலிருந்து அந்தத் துண்டை வெட்டி எறிந்துவிடு ராசா.

அக்கா
மரியசெல்வி


சென்னை
19.2.1974

அன்புள்ள அக்கா,

கோபப்படாதே. காற்று சரியில்லாமல் தோணி எங்கேயாவது ஒதுங்கியிருக்கும். மச்சான் வந்துவிடுவார்.

அந்தக் காட்சிதான் படத்துக்கு உயிர். டெல்லியில் திரையிடத் தேர்ந்தெடுத்துவிட்டார்கள். நம் பேபியை ஊரே கொண்டாடப் போகிறது. தாய்மாமன் நான் அவளுக்குக் கெடுதல் செய்வேனா? அதை மட்டும் வெட்டச் சொல்லாதே.

உன் தம்பி
ரோச்


தூத்துக்குடி
6.3.1974

ரோச்சுக்கு,

உன் மச்சான் நேற்றுக் கரை சேர்ந்தார். பாய் கிழிந்து வழியில் கிடந்தார்களாம். மாதாவுக்கு நன்றி.

துறைமுகத்தில் நான் வாய்விட்டு அழுதேன். பேபி உதட்டைக் கடித்துக்கொண்டு தள்ளியே நின்றாள்.

"ஏளா, அப்பா வந்துட்டாவ, ஓடிவா" என்று கையைப் பிடித்து இழுத்தேன்.

"மாமா வரட்டும்மா. அவுக சொன்ன பொறவுதான் அழணும்" என்றாள்.

விசாரித்தபோதுதான் தெரிந்தது. தோணியை வரைந்து முடித்ததும், அப்பாவை நினைத்து அழு என்றாயாம். படம்பிடிக்கத் தொடங்கி நீ கையை ஆட்டுமுன்பே அழுதுவிட்டாள் என்று கண்ணைத் துடைத்துவிட்டு, மறுபடியும் முதலிலிருந்து அழச் சொன்னாயாம். பெற்றவள் நான் அடுப்படியில் உனக்கு மீன் பொரித்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

படத்தை வெட்டுவதும் வெட்டாததும் இனி உன் இஷ்டம். மச்சான் அவளை மடியைவிட்டு இறக்காமல் வைத்திருக்கிறார். இன்னும் அவள் அழவில்லை. அவளாக அழுத பிறகு உனக்குக் கடிதம் போடுகிறேன். அதுவரை இந்த வீட்டுக்கு வராதே.

மரியசெல்வி