ஒரு நாள்கூடத் தாமதமாகாதவள்

என் அருமைக் குடைச்சலுக்கு,

அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் சௌக்கியம். நீயும் சௌக்கியமாகத்தான் இருப்பாய், இல்லையென்றால் உங்கள் விடுதிக் காப்பாளர் இதற்குள் நாலு தடவை கூப்பிட்டிருப்பார், அந்த மனிதரின் குரல் கேட்காத நாளெல்லாம் எனக்கு நல்ல நாள்தான். வாரத்துக்குப் பத்து நிமிடம்தான் போன் என்று உங்கள் நீச்சல் பயிற்சி விடுதியில் சட்டம். அதில் ஏழு நிமிடத்தை அம்மா உன் சாப்பாட்டைப் பற்றியும் தலைமுடியைப் பற்றியும் கேட்டே தீர்த்துவிடுகிறாள், மீதி மூன்றில் எத்தனை நொடி குறைத்தாய் என்று நான் கேட்பதற்குள் இணைப்பு போய்விடுகிறது. அதனால்தான் பேனாவை எடுத்தேன். படிப்பு முடிந்த பிறகு ஒரு பக்கத்துக்கு மேல் கையால் எழுதியதே இல்லை, இப்போதே மணிக்கட்டு வலிக்கிறது. எழுத்து புரியாத இடத்தில் நீயே ஊகித்துக்கொள்.

நான் புதிதாகச் சேர்ந்த பள்ளிக்கூடம் எப்படி இருக்கிறது என்று கேட்டிருந்தாய். நன்றாக இருக்கிறது. நாற்பது வகுப்பறை, நாற்பது ஸ்மார்ட் போர்டு, இரண்டு கம்ப்யூட்டர் அறை, இவை எல்லாவற்றுக்கும் நான் ஒருவன். பிள்ளைகள் எனக்கு ஒயர் சார் என்று பெயர் வைத்திருக்கிறார்கள், நேரில் சார் என்பார்கள், முதுகைத் திருப்பினால் வெறும் ஒயர். மூன்றாவது மாடியிலிருந்து போர்டு செத்துப்போச்சு என்று ஆள் அனுப்புவார்கள், மூச்சிரைக்க ஏறிப் போனால் ஸ்விட்சையே போட்டிருக்க மாட்டார்கள். முதல் மாதம் கத்தினேன். இரண்டாவது மாதத்தில் ஒவ்வொரு ஸ்விட்சுக்கு மேலும் ‘என்னைக் கூப்பிடும் முன் இதை அமுக்கவும்’ என்று ஒட்டிவிட்டேன். தலைமையாசிரியை அதைப் பார்த்துவிட்டு, தம்பி உங்களுக்குத் தொழில் தெரியும், தன்மைதான் தெரியலை என்றார். ஆனால் கிழிக்கச் சொல்லவில்லை. கண்டிப்பானவர், நியாயமானவர், சுற்றி வளைத்துப் பேச மாட்டார். எனக்குப் பிடித்திருக்கிறது.

நான் செய்ததிலேயே நான் பெருமைப்பட்டது வாசலில் வைத்த வருகைப்பதிவுக் கருவி. முன்பெல்லாம் வகுப்பாசிரியர்கள் காலையில் பெயர் கூப்பிட்டே கால் மணி நேரத்தைத் தொலைப்பார்கள். இப்போது பிள்ளைகள் வாசலில் வரிசையாக வந்து முகத்தைக் காட்டினால் பச்சை விளக்கு எரியும், பெயரும் நேரமும் தானாகப் பதிவாகும். யாராவது நண்பனுடைய போட்டோவைக் காட்டி ஏமாற்றினால் என்ன செய்வது என்று கணக்கு ஆசிரியர் கேட்டார். அதற்கும் வழி செய்திருந்தேன், முகம் கண் சிமிட்டினால்தான் கருவி ஏற்கும், போட்டோ கண் சிமிட்டாது. எட்டு விதமான போட்டோவைக் காட்டிச் சோதித்தேன், எட்டையும் தள்ளிவிட்டது. இதை எவனும் ஏமாற்ற முடியாது என்று எல்லோர் முன்னாலும் மார்தட்டினேன். இப்போது எழுதவே கூச்சமாக இருக்கிறது.

ஒன்பதாம் வகுப்பில் ஒரு பெண். ஒரு இடத்தில் நிற்க மாட்டாள், அதனால் பம்பரம் என்றுதான் எல்லோரும் கூப்பிடுவார்கள். உன் வயதுதான், வாயும் உன்னைப் போலத்தான். மாடிப்படியில் கடைசி நாலு படியை ஒரே தாவாகத் தாவி வலது காலை உடைத்துக்கொண்டாள். ஆறு வாரம் பிளாஸ்டர், காலைத் தரையில் ஊன்றவே கூடாது என்று மருத்துவர் சொல்லிவிட்டார். வீடு மூன்றாவது மாடியில், லிஃப்ட் கிடையாது. படிப்பு போய்விடுமே என்று அவள் வகுப்பே என் அறைக்கு வந்து நின்றது. நான் உடைந்த சுழல் நாற்காலியின் சக்கரக் கால்களைக் கழற்றி, அதில் பழைய மைக் ஸ்டாண்டைச் சொருகி, உச்சியில் ஒரு டேப்லெட்டை மாட்டிக் கொடுத்தேன். அவள் வீட்டில் உட்கார்ந்து பார்ப்பாள், இங்கே திரையில் அவள் முகம் தெரியும், பேசினால் கேட்கும். இரண்டு மணி நேர வேலை, அதை மறந்துவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கப் போய்விட்டேன்.

அந்த வகுப்புப் பிள்ளைகள் மறக்கவில்லை. ஸ்டாண்டுக்குச் சீருடை டையைக் கட்டினார்கள். தள்ளிக்கொண்டு போக முறை போட்டுக்கொண்டார்கள். வகுப்பு மாறும்போது நடைபாதையில் அதை வேகமாக உருட்டிக்கொண்டு ஓட, உள்ளிருந்து அவள், மெதுவாத் தள்ளுங்கடி, தலை சுத்துது என்று கத்துவாள். விளையாட்டு நேரத்தில் எல்லைக்கோட்டுக்குப் பக்கத்தில் நிறுத்தி நடுவர் ஆக்கிவிட்டார்கள், அவள் அவுட் என்றால் அவுட். சாப்பாட்டு நேரத்தில் பெஞ்சு ஓரத்தில் வைத்துக்கொண்டு சாப்பிடுவார்கள், அதனால் வாரத்துக்கு ஒரு முறை திரையிலிருந்து எண்ணெய்க் கறையைத் துடைப்பது என் வேலையாகிப்போனது. கணக்கு ஆசிரியருக்கு மட்டும் அந்த ஸ்டாண்டைக் கண்டாலே ஆகாது. சார் எழுத்து சின்னதா இருக்கு, சார் வெளிச்சம் அடிக்குது என்று அது சும்மாவே இருப்பதில்லை, முப்பது பேரைச் சமாளித்துவிடுவேன், இந்த ஒரு கம்பியைச் சமாளிக்க முடியவில்லை என்று என்னிடம் புலம்புவார்.

மாத முதல் நாள் காலைக் கூட்டத்தில், போன மாதம் ஒரு நாள்கூடத் தாமதமாகாமல் வந்தவர்கள் பட்டியலைத் தலைமையாசிரியை வாசிப்பது வழக்கம். அந்தப் பட்டியலைக் கருவியே தயாரித்துவிடும், நான் அச்செடுத்துக் கொடுப்பேன். படித்துப் பார்த்துக் கொடுக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை, கருவி எடுத்தால் சரியாகத்தானே இருக்கும். அவர் வாசிக்கிறார், ஒன்பதாம் வகுப்பில் முதலிடம் பம்பரம். மைதானத்தில் எல்லோரும் ஸ்டாண்டைத் திரும்பிப் பார்த்தார்கள். பிறகு ஒன்பதாம் வகுப்பு மொத்தமும் கைதட்டியது, நடுவரிசையில் நின்ற ஸ்டாண்டிலிருந்து ரொம்ப அடக்கமாக ஒரு குரல், நன்றி மேடம் என்றது. தலைமையாசிரியை தாளை மடித்தார், என்னைப் பார்த்தார், கூட்டம் கலைந்ததும் நான் நேராக வாசல் கருவியிடம் ஓடினேன்.

நடந்தது இதுதான். மாலையில் ஸ்டாண்டை வாசல் காவலாளியின் அறையில் வைத்துப் பூட்டுவார்கள். காலையில் அன்றைக்கு முறையுள்ள பிள்ளை அங்கேயே அதை எடுத்து அவளைக் கூப்பிடும், அவளும் தலை பின்னி, இடுப்புக்கு மேலே சீருடை போட்டுத் தயாராக இருப்பாள். அங்கிருந்து வகுப்புக்குப் போக வேண்டுமென்றால் வாசல் வரிசையில்தான் நிற்க வேண்டும். வரிசை நகர்ந்து முறை வந்தால் முகத்தைக் காட்டத்தானே வேண்டும், காட்டினார்கள். திரைக்குள் இருப்பது போட்டோ இல்லை, உயிரோடு இருக்கிற பெண், அழகாகக் கண் சிமிட்டியிருக்கிறாள், என் கருவி பச்சை விளக்கைப் போட்டு உள்ளே போ என்றிருக்கிறது. இருபத்திரண்டு நாள். ஏமாற்ற வேண்டும் என்று ஒரு பிள்ளைகூட நினைக்கவில்லை. ஏன் இப்படிச் செய்தீர்கள் என்று கேட்டதற்கு, எல்லாரும் காட்டறோம், அவ மட்டும் காட்டாம எப்படி சார் உள்ள வருவா என்று என்னையே திருப்பிக் கேட்டார்கள். செத்த படத்தைக் காட்டுவார்கள் என்று எட்டு விதமாக யோசித்தவன், உயிருள்ள ஆளைத் திரையில் தூக்கிக்கொண்டு வருவார்கள் என்று யோசிக்கவில்லை, அதுவும் அந்த ஸ்டாண்டை என் கையாலேயே செய்து கொடுத்துவிட்டு. சுத்த மடத்தனம். அம்மாவிடம் சொன்னேன், கண் சிமிட்டறதைப் பார்த்து நீங்க ஏமாந்தது இது ரெண்டாவது தடவை, முதல் தடவை ஏமாந்ததுக்குத்தான் நமக்கு ஒண்ணு அங்க நீச்சலடிச்சுக்கிட்டு இருக்கு என்று சொல்லிவிட்டு அரை மணி நேரம் சிரித்தாள். சிரிக்கட்டும்.

ஆனால் அதற்கடுத்து வந்தது சிரிக்கிற விஷயம் இல்லை. நூற்றைம்பது நாள் வருகை இல்லாவிட்டால் ஆண்டுத் தேர்வு எழுத முடியாது, அதே வகுப்பில் இன்னொரு வருடம். பம்பரம் ஆண்டுத் தொடக்கத்தில் காய்ச்சலில் கிடந்து ஏற்கெனவே நிறைய நாளைத் தொலைத்திருந்தாள். கருவி தப்பாகப் பதிந்த நாட்களை அழித்துவிட்டு, பிளாஸ்டர் பிரித்த பிறகு தேர்வு வரைக்கும் அவள் நேரில் வரக்கூடிய நாட்களையும் சேர்த்துக் கணக்குப் போட்டேன். பன்னிரண்டு நாள் குறைகிறது. அழிக்காமல் விட்டால் அவள் தேர்வு எழுதுவாள், என் கருவியை நாளைக்கு நூறு பேர் இதே வழியில் ஏமாற்றுவார்கள். அவளுடைய அப்பா பேருந்து ஓட்டுநர், வேலை முடிந்து சட்டையைக்கூட மாற்றாமல் என் அறைக்கு வந்தார். நான் பாட்டுக்கு விதியைச் சொன்னேன், அவர் முழுக்கக் கேட்டார். பிறகு, ஒரு வருஷம் பின்னாடி போறது எனக்குப் பெருசில்ல சார், அந்தப் பசங்க மேல போயிடுவாங்க, இவ மட்டும் கீழ நிப்பா, அதைத்தான் அவ தாங்க மாட்டா என்றார். அவரை வாசல் வரைக்கும் கொண்டுபோய் விட்டுவிட்டு வந்தேன்.

தலைமையாசிரியையிடம் போய் எதையும் மறைக்காமல் சொன்னேன். தப்பு கருவியுடையது, அதாவது என்னுடையது, பிள்ளைகளுடையது இல்லை என்றேன். அவர் எழுதிக்கொண்டிருந்ததை நிறுத்தாமலேயே சொன்னார்: “மெஷின் பொய் சொல்லியிருந்தா அந்தப் பதிவை அழிங்க தம்பி. பொண்ணு பொய் சொல்லலைன்னா, அதை நீங்கதான் காட்டணும்.” அழித்தேன். பிறகு மூன்று நாள் உட்கார்ந்து, அவள் வீட்டுக்கும் ஸ்டாண்டுக்கும் இடையே இணைப்பு எந்த நொடியில் தொடங்கியது, எப்போது விட்டது, எத்தனை தடவை பேசினாள் என்று அத்தனையையும் தோண்டி எடுத்தேன். ஒரு பாடவேளையைக்கூட விடவில்லை அந்தப் பெண். கணக்கு வகுப்பில் மட்டும் அறுபத்து மூன்று கேள்வி. நாற்பது பக்கம் அச்செடுத்து, படம் போட்டு, நிர்வாகக் குழுத் தலைவரிடம் கொண்டுபோய் வைத்தேன், விதியைத் தளர்த்துகிற அதிகாரம் அவர் ஒருவருக்குத்தான். ஆள் கதவை அடைக்கிற உருவம். முதல் பக்கத்தைப் பார்த்தார், கடைசிப் பக்கத்தைப் பார்த்தார், இதெல்லாம் எனக்குப் புரியாது, நாளைக்கு வகுப்புக்கே வர்றேன் என்று அனுப்பிவிட்டார்.

மறுநாள் கணக்கு வகுப்பு. நான் பின்சுவரை ஒட்டி நின்றேன், வாயைத் திறக்கக் கூடாது என்று தலைமையாசிரியை முன்கூட்டியே சொல்லிவிட்டார். ஆசிரியர் போர்டில் கணக்கைப் பாதி போட்டிருக்கும்போது தலைமையாசிரியையோடு பின் பெஞ்சில் உட்கார்ந்திருந்த தலைவர் எழுந்து நேராக ஸ்டாண்டுக்கு முன்னால் போய் நின்றார், குனிந்து திரையைப் பார்த்து, அடுத்த வரி என்னம்மா என்று கேட்டார். பதில் இல்லை. திரையில் அவள் முகம் அசையவும் இல்லை. இணைப்பு விட்டுவிட்டதா என்று நான் சுவரில் இருந்த வைஃபை பெட்டியைப் பார்க்கிறேன், விளக்கு பச்சையாகத்தான் இருக்கிறது, ஓடிப்போய் ஏதாவது ஒயரைப் பிடுங்கிச் சொருகலாமா என்று கால் துடிக்கிறது. தலைவர் தலைமையாசிரியை பக்கம் திரும்பினார். படம்தான் இருக்கு மேடம், பொண்ணு எங்க இருக்கா என்று கேட்டார். அப்போதுதான் அவள் பேசினாள்.

“ஐயா, நீங்க போர்டை மறைச்சுக்கிட்டு நிக்கிறீங்க. சொல்லலாமா வேண்டாமான்னு யோசிச்சுக்கிட்டு இருந்தேன். கொஞ்சம் தள்ளி நின்னா நல்லா இருக்கும்.”

அந்தப் பெரிய மனிதர் மெல்லத் திரும்பி, தனக்குப் பின்னால் இருந்த போர்டைப் பார்த்தார், இரண்டடி தள்ளி நின்றார், போதுமாம்மா என்றார். இன்னும் கொஞ்சம் என்றாள். இன்னும் கொஞ்சம் தள்ளினார். அதன் பிறகு அவள் அடுத்த வரியைச் சொல்லவில்லை, மூன்றாவது வரியிலேயே சார் கழித்தல் குறியை விட்டுவிட்டார், அதைச் சரி செய்யாமல் அடுத்த வரிக்கு எப்படிப் போவது என்று கேட்டாள். கணக்கு ஆசிரியர் போர்டைப் பார்த்தார், குறியைப் போட்டார், தலைவரிடம் திரும்பி, “இது தினமும் நடக்கிறதுதான் ஐயா. இவ வரலைன்னு எவனாவது சொன்னா நான் சாட்சி சொல்றேன்” என்றார். ஸ்டாண்டைக் கண்டாலே ஆகாது என்ற அதே மனிதர். பிள்ளைகள் மேஜையைத் தட்டித் தீர்த்துவிட்டார்கள்.

என் நாற்பது பக்கத்தையும் யாரும் படிக்கவில்லை என்பதை உனக்கு மட்டும் சொல்கிறேன். தலைவர் அங்கேயே ஒரு பெஞ்சில் இடுங்கி உட்கார்ந்து, அந்த வகுப்பில் அவள் திரை வழியாக இருந்த நாட்களை நேரில் வந்த நாட்களாகவே கொள்ளலாம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். ஒரு நிபந்தனை, இனி ஸ்டாண்டில் வருகிறவர்களுக்கு வாசல் கருவி கூடாது, ஆசிரியர்கள் ஒவ்வொரு பாடவேளையிலும் பெயர் கூப்பிட்டு, பதில் வாங்கிக் கையால் குறிக்க வேண்டும். இன்னொன்று, ஒரு வாரத்தில் நான் கருவியைச் சரி செய்ய வேண்டும். செய்தேன். இப்போது இரண்டு கேமரா, மூக்கு முன்னால் நீட்டிக்கொண்டிருக்கிறதா என்று பார்க்கும், தட்டையான திரையைத் தள்ளிவிடும். இந்த முறை நானே சோதித்துத் திருப்திப்படவில்லை, ஒன்பதாம் வகுப்பைக் கூப்பிட்டு, முடிந்தால் ஏமாற்றுங்கள், ஒரு நாள் அவகாசம் என்றேன். டேப்லெட், முகமூடி, மாவில் செய்த மூக்கு என்று என்னென்னவோ கொண்டு வந்தார்கள், எதுவும் பலிக்கவில்லை. மதியத்துக்கு மேல் ஏழாம் வகுப்பிலிருந்து இரட்டையர் இரண்டு பேரைப் பிடித்து வந்து ஜெயித்துவிட்டார்கள். அதற்கு வழி யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

உனக்கும் கொஞ்சம் சொல்ல வேண்டும். போன வாரம் தோள் வலிக்கிறது என்று சொல்லிவிட்டு உடனே பேச்சை மாற்றினாயே, அது அப்பாவுக்குப் புரியாது என்று நினைக்காதே. பயிற்சியாளரிடம் வாயைத் திறந்து சொல், அவர் எவ்வளவு பெரிய ஆளாக இருந்தாலும் சொல். நீந்தி முடித்ததும் காதைத் துடை. அம்மா இந்தக் கடிதத்தோடு மூன்று தலைமுடி ரப்பரும் ஒரு சீப்பும் வைக்கச் சொன்னாள், வைத்திருக்கிறேன், கிடைத்தது என்று எழுது, இல்லாவிட்டால் நான் வைக்கவே இல்லை என்று என் தலைதான் உருளும்.

நேற்று ஆண்டுத் தேர்வு தொடங்கியது. பம்பரம் ஊன்றுகோலோடு நேரிலேயே வந்தாள், அவள் அப்பா பள்ளிப் படி வரைக்கும் தூக்கிக்கொண்டு வந்து இறக்கிவிட்டார். மின்விசிறியைப் பார்க்கிற சாக்கில் தேர்வு அறைக்குப் போனேன், மின்விசிறி நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது. காலை ஒரு ஸ்டூலில் நீட்டி வைத்துக்கொண்டு, நாக்கை வெளியே நீட்டியபடி எழுதிக்கொண்டிருந்தாள். அரை மணி நேரம் மிச்சம் இருக்கும்போது கையைத் தூக்கி, இன்னொரு தாள் வேண்டும் என்றாள்.

நீ நினைத்த நொடிக்குள் கரையைத் தொட வேண்டும், தோள் நோகாமல் தொட வேண்டும், எங்கள் இரண்டு பேருடைய ஆசியும் உனக்கு எப்போதும் உண்டு. பதிலைக் கையால் எழுது, ஒரு பக்கத்துக்குக் குறையக் கூடாது.

இப்படிக்கு,
மணிக்கட்டு வீங்கிய உன் அப்பா