உப்பு அரித்த வண்டி

திருப்போரூர்
5.1.2025, ஞாயிறு (மார்கழி 21)

அன்புள்ள மாப்பிள்ளை மோகன் அவர்களுக்கு,

உலகநாதன் எழுதுவது. நான் நலம், உங்கள் நலமும் மகள் துர்காதேவியின் நலமும் அறிய ஆவல். தொலைபேசியில் நீங்கள் பேசுவது என் காதுக்கு வெறும் இரைச்சலாகவே எட்டுவதால் கடிதமே உத்தமம்.

கடந்த 3ஆம் தேதி வெள்ளிக்கிழமை என் பழைய பிக்கப் வண்டி உங்களிடம் வந்து சேர்ந்திருக்கும். பணி ஓய்வுக்குப் பின் கடப்பாக்கத்திலிருந்து பதினோரு ஆண்டுகள் மீன் ஏற்றியதில், பெட்டிகளிலிருந்து வடிந்த உப்புத் தண்ணீர் அதன் அடித்தகட்டைத் தின்றுவிட்டது. இருக்கையில் அமர்ந்தால் காலுக்கடியில் சாலை ஓடுவது தெரிகிறது. தொழிற்சாலையில் வாரம் முழுவதும் வெல்டிங் செய்துவிட்டு, ஓய்வு நாளிலும் எனக்காக அதே வேலையைச் செய்ய முன்வந்தீர்கள். மிக்க நன்றி.

தேதி முக்கியம். பிப்ரவரி 5, புதன்கிழமை காலை, மாமல்லபுரம் சாலையிலுள்ள முதியோர் இல்லத்தில் சேர்கிறேன். என் கட்டில், பீரோ, உங்கள் அத்தை விட்டுச்சென்ற தையல் இயந்திரம் ஆகியவற்றை அவ்வண்டியிலேயே கொண்டுசெல்ல விருப்பம். அதன்பின் வண்டி உங்களுடையது.

துர்காவுக்கு இதில் சம்மதமில்லை என்பதை அறிவேன். ஆயினும் பெண் கொடுத்த வீட்டில் தங்குவது எங்கள் குடும்ப வழக்கமன்று. உங்கள் திருமணம் நடந்த 11.9.2009 முதல் இன்றுவரை உங்கள் வீட்டில் ஓர் இரவும் நான் படுத்ததில்லை.

ஆசிகளுடன்,
உலகநாதன்


செங்கல்பட்டு
12.1.2025

அன்புள்ள மாமாவுக்கு,

மோகன் வணக்கத்துடன் எழுதுவது. நாங்கள் நலம். வேளாவேளைக்கு மாத்திரை போடுகிறீர்களா என்று துர்கா கேட்கச் சொன்னாள்.

வண்டியை நண்பன் தமிழ்வாணனின் டிங்கர் பட்டறையில் நிறுத்தியிருக்கிறேன். வெளியே பெயிண்ட் நன்றாகத்தான் இருந்தது. ஸ்க்ரூ டிரைவரால் குத்தினேன். அப்பளம் போல் நொறுங்கியது. தரை மட்டுமில்லை, கதவுக்குக் கீழே ஓடும் பட்டையும் போய்விட்டது.

அங்கேதான் ஒரு தப்பு செய்துவிட்டேன், மாமா. குறுக்கே ஒரு கம்பியைத் தாங்கலாக வைத்துப் பற்றவைத்த பிறகுதான் பட்டையை வெட்ட வேண்டும். அவசரத்தில் வெட்டிவிட்டேன். பாடி லேசாக இறங்கி, இப்போது கதவைச் சாத்த முடியவில்லை. மறுபடி ஜாக்கி கொடுத்துத் தூக்க வேண்டும். புதுத் தகட்டையும் ஒரே மூச்சில் பற்றவைக்க முடியாது, சூட்டில் நெளிந்துவிடும். இங்கே ஒரு பொட்டு, அங்கே ஒரு பொட்டு, ஆறவிட்டு மறுபடி ஒன்று. நாளாகும்.

தமிழ்வாணன் சும்மா இருப்பானா? "மாமனார் வண்டின்னா மட்டும் தடவித் தடவி வேல செய்யிற மச்சான்!" என்கிறான். துர்காவோ இரண்டு நாளாக என்னிடம் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. "இன்னாய்யா, என் நைனாவக் கொண்டும்போய் ஹோம்ல வுட நீயே வண்டி ரெடி பண்ணிக்கினு கீறியா?" என்று கேட்டாள்.

அன்புடன்,
மோகன்


திருப்போரூர்
19.1.2025, ஞாயிறு (தை 6)

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

12ஆம் தேதியிட்ட உங்கள் கடிதம் பொங்கல் விடுமுறையால் 18ஆம் தேதிதான் கிடைத்தது. தவறை மறைக்காமல் எழுதியமைக்கு நன்றி. கதவு விஷயத்தில் வருந்தற்க.

எனினும் பிப்ரவரி 5 என்பது பிப்ரவரி 5தான். முப்பத்திரண்டு ஆண்டுகள் பேருந்து நிலையத்தில் டைம் கீப்பராக இருந்தவன் நான். என் பொறுப்பில் இருந்த எந்த வண்டியும் என்னால் தாமதமானது கிடையாது. இல்லத்தாருக்கு வாக்குக் கொடுத்தாயிற்று. வேலை முடியும் தேதியைத் திட்டவட்டமாகத் தெரிவியுங்கள்.

துர்காவிடம் கோபித்துக்கொள்ளாதீர்கள். அவளுக்கு அவள் அம்மாவின் வாய்.

ஆசிகளுடன்,
உலகநாதன்


செங்கல்பட்டு
30.1.2025

அன்புள்ள மாமாவுக்கு,

வேலை 26ஆம் தேதியே முடிந்துவிட்டது. கதவை இப்போது ஒற்றை விரலால் சாத்தலாம். தரைக்குப் பிரைமர் இரண்டு கை அடித்து, மேலே ரப்பர் விரிப்பும் போட்டிருக்கிறேன். முடிந்ததை உடனே எழுத எனக்கு மனம் வரவில்லை. எழுதினால் நீங்கள் கிளம்பிவிடுவீர்கள்.

துர்கா வண்டிச் சாவியை அரிசி டப்பாவுக்குள் போட்டுவிட்டாள். நேற்றுத்தான் எடுத்துக்கொடுத்தாள். "நீ வாணாம், நானே ஓட்டினு போறேன். என் பக்கத்துல குந்திக்கினு நைனா அந்த ஹோமுக்கு வழி சொல்லட்டும், பாக்கலாம்" என்கிறாள்.

ஐந்தாம் தேதி காலை எட்டு மணிக்கு வண்டி உங்கள் வாசலில் நிற்கும். தாமதமாகாது. மாடி அறையைப் பெருக்கி வைத்திருக்கிறேன். எனக்கு அப்பா இல்லை. பெண் கொடுத்த வீடு என்று நினைக்காமல், நான் கூப்பிடுகிற வீடு என்று நினைக்க முடியுமா? முடியாவிட்டாலும் எங்களுக்குக் கோபமில்லை. வண்டி நீங்கள் சொல்கிற இடத்துக்குத்தான் போகும்.

அன்புடன்,
மோகன்


செங்கல்பட்டு, உங்கள் வீட்டு மாடி
8.2.2025, சனி (தை 26)

அன்புள்ள மாப்பிள்ளை மோகன் அவர்களுக்கு,

ஒரே வீட்டில் இருந்துகொண்டு கடிதமா என்று நீங்கள் சிரிக்கலாம். நேரில் நன்றி சொன்னால் பேச்சை மாற்றிவிடுகிறீர்கள்; மாற்றிய பேச்சும் என் காதில் விழுவதில்லை. ஆகவே இதை உங்கள் சாப்பாட்டுப் பையில் வைக்கிறேன். கம்பெனி பஸ்ஸில் படித்துக்கொள்ளுங்கள்.

புதன்கிழமை நடந்ததைத் துர்கா தன் விருப்பப்படி கூட்டிச் சொல்லியிருப்பாள். நடந்தது இதுதான். அவள் 7.56க்கே வந்துவிட்டாள். சாமான்களை ஏற்றினோம். நான் இல்லத்தின் முகவரியைக் கையில் வைத்திருந்தேன். திருப்போரூர் கூட்டுச்சாலையில் வண்டியை நடுரோட்டில் நிறுத்திவிட்டு, என் காதருகே குனிந்து கத்தினாள்: "நைனா, தெக்கால போனா உன் ஹோமு. மேக்கால போனா என் வூடு. நீ சொல்லு, திருப்பறேன். சொல்ற வரிக்கும் வண்டி நவுறாது!"

தெற்கே என்று சொல்லவே வாயெடுத்தேன். காலைத் தரையில் ஊன்றிக்கொண்டேன். சாலை தெரியவில்லை, காற்று வரவில்லை. நீங்கள் பொட்டுப் பொட்டாக வைத்து ஆறவிட்ட தகடு உறுதியாக நின்றது. இத்தனை பொறுமையை எனக்காக ஒருவர் செலவிட்டிருக்கிறாரே என்று அதையே காலால் அழுத்திப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அதற்குள் பின்னால் பேருந்து வந்து நின்றது. என் செவிட்டுக் காதுக்கே ஹார்ன் கேட்டது. ஓட்டுநர் எட்டிப் பார்த்து, எனக்கே கேட்கும்படி உரக்க, "இன்னா பெருசு, ரோட்டுலயே குடித்தனமா? டைம் ஆவுதுபா!" என்றார். என்னால் ஒரு பேருந்து தாமதமாவதா? "மேக்கால போம்மா" என்றேன்.

பேருந்துக்காகத்தான் அப்படிச் சொன்னேன் என்று மூன்று நாட்களாகத் துர்காவிடம் சாதித்து வருகிறேன். உங்களிடம் அப்படிச் சொல்ல மனமில்லை. பேருந்து எங்களைக் கடந்து போன பிறகும், வண்டியைத் திருப்பு என்று நான் சொல்லவில்லை.

என் இடத்தை வேறொருவருக்குக் கொடுக்கும்படி இல்லத்தாருக்கு நேற்று எழுதிவிட்டேன்.

ஒரே ஒரு குறை. உங்கள் கூடத்து நாட்காட்டி இன்னும் வியாழக்கிழமையிலேயே நின்றுகொண்டிருந்தது. இன்று காலை இரண்டு தாள்களைக் கிழித்தேன். இனி அந்த வேலையை நான் பார்த்துக்கொள்கிறேன்.

நன்றியுடன்,
மாமா