உன் முகத்தில் அவன் தடவியது

நேற்று மகளோடு திண்டிவனத்தில் ஒரு பார்லருக்குப் போயிருந்தேன். அங்கே ஒரு பெண்ணின் முகத்தில் எதையோ தடவிக்கொண்டிருந்தார்கள். புளித்த காடிபோல மூக்கைக் குத்தும் நெடி. என்னால் உட்கார முடியவில்லை. வெளியே வந்து மகளிடம் உன் கதையைச் சொன்னேன். "அதெல்லாம் அந்தக் காலம்மா, இப்பல்லாம் பயமில்ல" என்றாள். நான் பயத்தைப் பற்றியா சொன்னேன்? உன் முகத்தில் அப்படி என்ன குறை இருந்தது என்றுதானே கேட்டேன்?

எண்பதுகளில் நாம் இருவரும் இதே ஊரில் ஓர் எண்ணெய் மில்லில் கணக்கு எழுதினோம். உன்னைப் பெண் பார்த்துவிட்டுப் போன மாப்பிள்ளையின் அக்கா, எல்லாம் பிடித்திருக்கிறது, கலர்தான் கொஞ்சம் கம்மி என்று சொல்லியனுப்பினாள். மல்லாட்டைக் கொல்லை வெயிலில் கடலை பிடுங்கி வளர்ந்தவளுக்கு வேறு என்ன நிறம் இருக்கும்? ஆனாலும் உன் அம்மா அழுதார். விழுப்புரத்தில் ஒருவர் மருந்து தடவித் தோலை உரிக்கிறார், உள்ளிருந்து சிவப்பாகப் புதுத் தோல் வரும் என்று யாரோ சொல்ல, உன்னைக் கிளப்பிவிட்டார்கள். துணைக்கு நான் வந்தேன்.

வெள்ளைக் கோட்டு போட்டிருந்த அந்த ஆள் பஞ்சை மருந்தில் நனைத்துத் தடவினான். நேற்று பார்லரில் அடித்த அதே காடி நெடி. உன் கன்னம் சுண்ணாம்பு பூசியதுபோல் வெளுத்தது. நீ என் கையை நசுக்கினாய். "எரியத்தான் செய்யும், பொறுத்துக்கம்மா" என்று சொல்லிவிட்டு அவன் காபி குடிக்கப் போய்விட்டான்.

பொருக்கு உதிர்ந்தபின் சில நாள் ரோஜா நிறம். உன் அம்மா திருஷ்டி சுற்றினார். அப்புறம் திட்டுத்திட்டாகக் கறுத்தது. தாடையோரம் தழும்பு தடித்தது. பாண்டிச்சேரியில் ஒரு தோல் டாக்டரிடம் காட்டினோம். மருந்தின் வீரியம் அதிகம், நம் தோலுக்கு ஆகாத அளவு, தோல் வெந்துபோயிருக்கிறது என்றார். மாப்பிள்ளை வீட்டார் பெண்ணுக்கு ஏதோ வியாதி என்று ஊரெல்லாம் சொல்லிவிட்டு விலகிக்கொண்டார்கள். கலர் கேட்டவர்கள் அவர்கள்தான்!

முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு வேலைக்குப் போகச் சொன்னார் உன் அம்மா. ஒரு ஞாயிற்றுக்கிழமை நீ என்னை அழைத்துக்கொண்டு விழுப்புரம் பாசஞ்சரில் ஏறினாய். அவனுடைய கிளினிக்கில் பெண்கள் நிறைய உட்கார்ந்திருந்தார்கள். நீ முந்தானையை விலக்கிவிட்டு, மரக்காணம் பக்கத்திலிருந்து வந்திருந்த ஒரு பெண்ணின் அருகில் உட்கார்ந்தாய்.

"கலருக்காக வந்திருக்கியாம்மா?"

"ஆமாங்க்கா."

"நானும் அதுக்குத்தான் வந்தேன். என்னை நல்லாப் பாரு."

அவள் பார்த்தாள். எழுந்து போய்விட்டாள். இன்னும் இரண்டு பேர் எழுந்தபோது அவன் வெளியே வந்தான். "இங்க உக்காந்துக்கினு பேஜாரு பண்ணாதீங்க. உங்க தோலே சரியில்ல, நான் என்ன பண்றது?"

நீ குரலை உயர்த்தவில்லை. "நீங்க தொடுற வரைக்கும் என் தோல் நல்லாத்தான் இருந்துது."

ஞாயிறுதோறும் போய் உட்கார்ந்தாய். மழைக்காலம் வருவதற்குள் போர்டைக் கழற்றிவிட்டான். அவனை யாரும் தண்டிக்கவில்லை. வேறு ஊரில் கடை திறந்தான் என்று கேள்விப்பட்டபோது நீ சாப்பாட்டை மூடி வைத்துவிட்டாய். எனக்கு இன்றைக்கும் அதை நினைத்தால் உடம்பு கொதிக்கிறது.

பிற்பாடு உனக்கு நல்லவர் ஒருவர் அமைந்தார், மகன் பிறந்தான், நீ எந்தக் கல்யாணத்திலும் முகத்தை மூடாமல் முன்வரிசையில் உட்கார்ந்தாய். எல்லாம் சரி. போன மாசம் நீ போன அன்று, உன் வீட்டு வாசலில் கட்டியிருந்த கண்ணீர் அஞ்சலி பேனரைப் பார்த்து நின்றுவிட்டேன். ஸ்டுடியோக்காரன் உன்னை வெளுக்க வைத்திருந்தான். திட்டு இல்லை, தழும்பு இல்லை.

"அம்மா அழகா இருக்கட்டும்னுதான் பெரிம்மா" என்றான் உன் மகன்.

"உங்கம்மா அழகாத்தான்டா இருந்தா. இது யாரோ."

 அவனே பேனரை அவிழ்த்தான். காரியத்துக்கு வைத்த படத்தில் உன் நிறம் இருந்தது, தாடையோரத் தழும்பும் இருந்தது. அதில் ஒரு சின்னப் பிரதி கேட்டு வாங்கிக் கைப்பையில் வைத்திருக்கிறேன். கோபம் ஆறிவிடக் கூடாது என்பதற்காக.