ஒரு சைஸ் பெரிய சாக்ஸ்

என்னங்க,

இட்லி ஹாட்பாக்ஸில், சட்னி ஃபிரிட்ஜில். நான் டாக்டரம்மாவிடம் போகிறேன். காலில் நரம்பு முடிச்சு முடிச்சாகப் புடைத்து, ராத்திரியெல்லாம் கடுப்பு.

அவர் எழுதிக்கொடுத்த இறுக்கமான சாக்ஸை ஒரு சைஸ் பெரிதாக வாங்கி வந்திருக்கிறீர்கள். "மாசம் ஏறஏறக் காலும் பெருக்கும்ல, கூடக் கெடக்கட்டும்"னு விளக்கம் வேறு! அது பள்ளிக்கூட யூனிஃபார்மா, வளர்ந்து போட்டுக்கொள்ள? நாலடி நடந்தால் கணுக்காலுக்கு இறங்கிவிடுகிறது. நம் கடைக்கு வருகிறவர்களுக்கு ரவிக்கைத் துணியை இம்மி பிசகாமல் அளக்கிற கைக்கு, என் காலை மட்டும் அளக்கத் தோன்றவில்லை.

வாடிக்கைக்காரர் நிற்கையில் நாம் உட்கார்ந்தால் வியாபாரம் போய்விடும் என்கிறார்கள் அத்தை. வாசலில் சேலை கட்டி நிற்கிற பொம்மைக்குக் கால் வலிக்காது. எனக்கு வலிக்கிறது.

சேலைப் பக்கம் எனக்கு ஒரு நாற்காலி போட்டுவிட்டு ஃபோன் செய்யுங்கள், கடைக்கு வருகிறேன். இல்லையென்றால் அப்படியே வாடிப்பட்டிக்கு, அம்மா வீட்டுக்குப் பஸ் ஏறிவிடுவேன். இதில் பேரம் கிடையாது.

வசுந்தரா

பி.கு: வீட்டுச் சாவி மேல்வீட்டு ஆன்சி டீச்சரிடம். கொடுக்கப் போனபோது காலைப் பார்த்துவிட்டு, "மொதல்ல உக்காரும்மா" என்றார். நம் வீட்டில் யாரும் இதுவரை அதைச் சொன்னதில்லை.